கு. நாச்சிமுத்து, புதுச்சத்திரம்

சாவியைத் தொலைத்துவிட்டு வீட்டையே புரட்டிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும், சார். நான் எதையும் தேடியதே இல்லை. தேடாமல் எடுப்பதுதான் என் தொழில்.

என் பெயர் தமிழினி. அஸ்தம்பட்டியில் அந்த ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளின் விவரம் வைக்கும் மென்பொருளை எழுதியவள் நான்தான். ஹேஷ் டேபிள் என்று ஒன்று உண்டு. கேட்டால் உங்களுக்கே குஷியாகிவிடும். ஒரு பெயரைக் கொடுத்தால் உள்ளே ஒரு கணக்கு ஓடி ஓர் எண் வரும். அந்த எண்ணுள்ள அறையில் அவருடைய விவரத்தை வைத்துவிடும். மறுபடி அந்தப் பெயரைத் தட்டினால் அதே கணக்கு, அதே எண், நேராக அதே அறை. லட்சம் பேர் இருந்தாலும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போக வேண்டாம். முதல் தடவை ஓடியபோது நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன்.

இரண்டு வேறு பெயர்களுக்கு ஒரே எண் வந்துவிட்டால்? அதற்கும் வழி செய்திருந்தேன். பெயர்ச்சீட்டு ஒட்டி இருவரையும் ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிடும். ஆனால் அதே பெயர் திரும்ப வந்தால், பழைய ஆள்தான் வந்திருக்கிறார் என்று முந்தின விவரத்தை அழித்துப் புதியதை எழுதிக்கொள்ளும். போன் நம்பரை ஜனங்கள் மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். அதனால் இனிஷியல், பெயர், ஊர் மூன்றையும் சேர்த்துச் சாவியாக வைத்தேன்.

நர்ஸ் நர்மதாதான் முதலில் கேட்டாள். "ஏனுங்க்கா, எங்க பக்கம் தாத்தா பேரத்தான பேரனுக்கு வெப்பாங்க. கு. நாச்சிமுத்து பையன் நா. குமரகுரு. அவரு பையன் மறுபடியும் கு. நாச்சிமுத்து. ஊரும் ஒண்ணு. உங்க பொட்டி கொழம்பிக்காதுங்களா?"

அடடா, என்ன அழகான கேள்வி. ரசித்துச் சிரித்தேன். பிறந்த தேதியையும் சேர்த்திருக்கலாம். சேர்த்தால் பாதியைத் திருப்பி எழுத வேண்டும். அவ்வளவு நன்றாக ஓடுவதில் கைவைக்க எனக்கு மனசு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை புதுச்சத்திரத்திலிருந்து ஆறு வயது கு. நாச்சிமுத்து சளிக்கு மருந்து வாங்கிப் போனான். வியாழக்கிழமை அவனுடைய தாத்தா கு. நாச்சிமுத்து, காலில் மண்வெட்டி பட்டு வந்தார். அன்று என் மென்பொருளை வாங்குவதற்காக நாமக்கல்லிலிருந்து இருவர் வந்து பக்கத்தில் நின்றிருந்தார்கள். அவர்களுக்குக் காட்ட, நர்மதாவிடமிருந்து டேப்லெட்டைக் கையில் வாங்கி நானே பெயரைத் தட்டினேன்.

"எனக்கு ஒரு ஊசி சேராதுங்க சாமி. பேரு வாயில வர மாட்டேங்குது. போன தடவ மூச்சே நின்னு போற மாதிரி ஆயிருச்சு. பொட்டில ஏத்தி வெச்சிருக்கறாங்க, பாருங்க" என்றார் பெரியவர்.

திரையில் 'ஒவ்வாமை: இல்லை' என்று வந்தது. அதற்கு மேலே 'வயது: 6' என்றும் வந்தது. இரண்டையும் படித்தேன். ஆறின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நர்மதாவிடம் காட்டினேன்.

"இல்லைன்னு வருதுங்களே, அக்கா?"

"அப்ப இல்லைதான். போடு" என்றேன்.

நாமக்கல்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை, சார். பெனிசிலின் சோதனை ஊசியே போதுமானதாக இருந்தது. பத்து நிமிடத்தில் பெரியவர் போய்விட்டார்.

அவரைச் சுற்றி எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தபோது, போன வாரம் எடுத்து வைத்திருந்த பிரதியிலிருந்து அவருடைய பழைய விவரத்தை எடுத்து அதே அறையில் வைத்துவிட்டேன். 'பெனிசிலின் ஆகாது' என்று சிவப்பில் பளிச்சென்று வந்தது. நான் சொல்லித்தான் போட்டதாக நர்மதா அழுதாள். நான் சொல்லவில்லை என்றேன். நீங்களும் திரையைப் பார்த்தீர்கள், அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். நல்ல பெண், பாவம். மூன்று வாரமாக உள்ளே இருக்கிறாள்.

நேற்றுதான் ஆஸ்பத்திரி உங்களுக்குக் கொடுத்த அறிக்கையைப் படித்தேன். 'கம்ப்யூட்டரில் விவரம் வரத் தாமதமானதால், நர்ஸ் பார்க்காமலே ஊசி போட்டுவிட்டார்' என்று எழுதியிருக்கிறார்கள். அப்போதிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்படியும் ஒரு அபாண்டமா, சார்? அரை நொடிகூட ஆகவில்லை. அதை மட்டும் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.