ஆற்றில் நின்ற பொக்லைன்

திருவெண்ணெய்நல்லூரிலிருந்து விழுப்புரம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். அவர் பொக்லைன் ஓட்டுபவர். ராத்திரி முழுக்க அவர் போன் எடுக்கவில்லை என்று காலையில் அந்த அம்மாள் தேடிக்கொண்டு வந்திருக்கிறார்.

“ரெண்டும் பேசிக்கல. அதான் வண்டி ஆத்துலயே நின்னு போச்சு.”

“யாருய்யா ரெண்டு பேரு?”

“ஆளு இல்ல. என்ஜினாண்ட ஒரு கம்ப்யூட்டர் பொட்டி, சீட்டுக்குப் பின்னாடி ஒண்ணு. ரெண்டும் ஒயர்ல பேசிக்கினாத்தான் வண்டி நகரும். கரை ஒடப்ப அடைச்சிக்கினு இருக்கும்போது ஆஃப் ஆயிடுச்சு. தண்ணி ஏறிக்கினே இருக்குது.”

“எறங்கி ஓடியாற வேண்டியதுதானே?”

“வண்டிய எப்படி வுட்டுட்டு வர்றது? மெக்கானிக் வந்து மீட்டர் வெச்சிப் பாத்தாரு. பொட்டி ரெண்டும் நல்லாத்தான் இருக்குது, நடுவுல ஒயர்லதான் பேஜாருன்னாரு. ரெண்டு பேரும் தடவிக்கினே போனோம். சீட்டுக்கு அடியில ஒயரு தோலு உரிஞ்சி இரும்புல பட்டுக்கினு இருந்துச்சு. டேப்பு சுத்தி சாவியப் போட்டேன், ஸ்டார்ட் ஆயிடுச்சு. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. ஒடப்ப அடைச்சிட்டுத்தான் கரை ஏறினேன்.”

அந்த அம்மாள் முந்தானையால் அவர் கழுத்தில் காய்ந்திருந்த சேற்றைத் துடைத்தார்.

“வண்டி மொதலாளியோடது. நீ எங்களோடதுய்யா. அடுத்த தபா வுட்டுட்டு வந்துடு.”