குமிழி இல்லாத குப்பி

ஒரு கப் டீ குடிக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆகும். இதை யாரும் குற்றமாக எடுத்துக்கொண்டதில்லை. எங்கள் நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் பம்ப் ஆபரேட்டர் அண்ணன் மட்டும் கிண்டல் செய்வார். "நீ குடிக்கிறியாம்மா, இல்ல அதுவா ஆவியாப் போகட்டும்னு காத்திருக்கியா?" நான் சிரித்துவிட்டு இன்னொரு வாய் உறிஞ்சுவேன்.

விசாரணைக்கு வந்திருக்கும் நீங்கள் கேட்பது அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றித்தான்.

மூடிக்கிடக்கும் அந்த ஆலையில் இரும்பு உதிரிபாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க ஒரு கரைப்பானைப் பயன்படுத்தினார்கள். மிச்சத்தை மண்ணில் ஊற்றினார்கள். அது இறங்கி, நிலத்தடி நீரோடு சேர்ந்து, மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. அதற்கு நிறம் கிடையாது, நாக்குக்கும் தெரியாது. ஆனால் காற்றுப் பட்டால் பறந்துவிடும். எங்கள் சுத்திகரிப்பே அந்த ஒரு குணத்தை நம்பித்தான். நீரை இறைத்து உயரமான கோபுரத்தில் ஒழுகவிட்டு, கீழிருந்து காற்றை ஊதுவோம்.

கண்காணிப்புக் கிணறுகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாதிரி எடுப்பது என் வேலை. சின்னக் கண்ணாடிக் குப்பி, நாற்பது மில்லி பிடிக்கும். விளிம்புவரை நிரப்பி, மூடி, தலைகீழாகப் பிடித்து விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது. இருந்தால் கரைப்பான் அதற்குள் ஓடிவிடும், ஆய்வகத்தில் எண் குறைந்துவிடும். என் குப்பிகளில் குமிழி இருந்ததே இல்லை. நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

கடைசிக் கிணறு, ஒன்பதாவது, எங்கள் தெருமுனையில் இருக்கிறது. ஆலைக்குச் சொந்தமான பதினைந்து வீடுகள், ஒரே ஆழ்குழாய்த் தண்ணீர். அதில் ஒரு வீடு அத்தானுடையது. அவர் ஆலையில் காவலாளி. அம்மா போன பிறகு அக்காதான் என்னை வளர்த்தாள். கல்யாணமாகி வரும்போது என்னையும் கையோடு கூட்டி வந்தாள்.

போன வருடம் ஒருநாள் ஒன்பதாவது கிணற்றின் வாயில், கரைப்பானின் ஆவியை அளக்கும் கைக்கருவியைப் பிடித்தேன். எண் ஏறியது. வரம்பைத் தாண்டியும் ஏறியது.

"ஒன்பதுல வந்துச்சுன்னா தெருவையே காலி பண்ணச் சொல்லிடுவாங்க" என்று ஆபரேட்டர் அண்ணன் முன்பே சொல்லியிருந்தார். அன்று அவர் பக்கத்தில் இல்லை.

காலி செய்தால் அத்தான் தன் அம்மா வீட்டுக்குப் போவார். இங்கிருந்து ஒரு பகல் பயணம். எனக்கு அங்கே இடமில்லை என்று யாரும் சொல்லவில்லை. நீயும் வா என்றும் சொல்லவில்லை. அக்காவுக்கு இந்த வீடு பிடிக்கும். பின்பக்கம் வெயில் வரும், துணி சீக்கிரம் காயும். அவளுக்காகத்தான் செய்தேன்.

ஆய்வறையில் அகலமான தட்டு ஒன்று இருந்தது. ஒன்பதாவது கிணற்றுத் தண்ணீரை அதில் ஊற்றி, மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தேன். டீயை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். டீ முடிந்த பிறகு அந்தத் தண்ணீரைக் குப்பியில் நிரப்பி, தட்டிப் பார்த்து அனுப்பினேன். யோசித்தால், நான் செய்ததும் சுத்திகரிப்புதான். நாற்பது மில்லி அளவுக்கு.

அப்படி நான்கு முறை.

அந்த மாதங்களில் அக்கா கர்ப்பமாக இருந்தாள். ஆறு வருடம் கழித்து. "நிறையத் தண்ணி குடிங்க" என்றார் டாக்டர். அக்கா சொன்னதைக் கேட்கிறவள். அவள் கட்டிலருகே கூஜாவை நிரப்பி வைப்பது என் பொறுப்பு. மூடாமல் பத்து நிமிடம் கொதிக்க வைத்தால் பெரும்பகுதி போய்விடும் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் கொதிக்க வைத்தேன். அத்தான் அடுப்பை எட்டிப் பார்த்தார்.

"என்ன, தண்ணியில எதுனாச்சும் இருக்கா?"

"இல்ல அத்தான், சும்மாதான்."

அதன் பிறகு கொதிக்க வைக்கவில்லை.

ஐந்தாம் மாதம் அது தங்கவில்லை. "என் உடம்பு ராசி அப்படி" என்றாள் அக்கா. நான் அவள் காலைப் பிடித்துவிட்டேன். இரண்டாவது முறை மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் அவளோடு இருக்க விடுப்பு எடுத்தேன். அந்த வாரம் மாதிரி எடுக்கும் வாரம். ஆபரேட்டர் அண்ணன் தானே எடுத்து, கிணற்றடியிலேயே மூடி அனுப்பினார். வரம்பைப்போல் இருபது மடங்கு வந்தது.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. விஷம் திடீரென்று நகர்ந்துவிட்டது என்று இன்ஜினியர் எல்லோருக்கும் விளக்கினார். நான் தலையாட்டினேன். ஆபரேட்டர் அண்ணன் என் தோளைத் தட்டி, "நீ என்னம்மா பண்ணுவ, நீ கண்ணாடி மாதிரி வேலை பாக்குற பொண்ணு" என்றார். அவரைத் தயவுசெய்து எதுவும் கேட்காதீர்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது.

யார் காட்டிக்கொடுத்தார்கள் என்று கேட்டீர்கள். யாருமில்லை. அந்த எண் வந்த பிறகு ஒருநாள், ரத்தப் பரிசோதனைக்காக நர்ஸ் வீடு வீடாக வந்தார். அக்கா கொடுத்தாள், அத்தான் கொடுத்தார். அடுத்து நான். வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன், தோளில் பை அப்படியே இருந்தது. அதிலிருந்து எட்டிப் பார்த்த பாட்டிலைக் காட்டி அக்கா நர்ஸிடம் சொன்னாள், "ஆபீஸ்ல சும்மா கிடைக்குதுன்னு தினமும் தண்ணி சுமந்துட்டு வர்றா பாருங்க. கஞ்சப் பிசினாரி." ரொம்ப நாள் கழித்து அவள் சிரித்தாள்.

நர்ஸ் என்னை உட்காரவைத்து என் கையைப் பிடித்தார். நான் இழுத்துக்கொண்டேன்.

"ஊசின்னா இவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே பயம்" என்றாள் அக்கா. நகர்ந்து வந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "எறும்பு கடிக்கிற மாதிரிதான்டி இருக்கும். நீயும் இந்தத் தண்ணியத்தானே குடிச்ச. உனக்கும் ஏதாவது ஆயிடுச்சுன்னா நான் என்னடி பண்ணுவேன்?"

அவள் வயிறு ஒட்டிக் கிடந்தது.

"எனக்கு டெஸ்ட் வேணாம்க்கா" என்றேன். "ஒரு வருஷமா இந்த வீட்டுத் தண்ணி ஒரு சொட்டு நான் குடிச்சதில்ல."