நாய்க்கு எறிந்த ஈரல்

நாய்களுக்கான குடற்புழு மருந்து முகாமுக்குத் தலைமை தாங்கும் வார்டு உறுப்பினர் விமலகுமாரி அவர்களே! மாத்திரையோடு வந்திருக்கும் கால்நடை மருத்துவர் லேகா அவர்களே! குன்னத்துகால் பெரியோர்களே! கையில் கயிறும் கயிற்றில் நாயுமாகக் காத்திருக்கும் தாய்மார்களே! நாயை முறையாக வளர்த்ததற்குப் பெற்ற பொன்னாடையோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் என் எதிர்வீட்டுத் தேவகுமார் அவர்களே! அந்தப் பெயரைக் கடைசியில் வைத்தேன். மறதியினால் அல்ல, பொறாமையினால்!

என்ன தங்கப்பன் அண்ணே, சிரிக்கிறீர்கள்? ஆட்டுக்கறிக்கடை ரெஜிக்குப் பொறாமை உண்டு என்பது புதுச் செய்தியா?

எட்டு வருடத்துக்கு முன்பு என் மனைவி ஷீனா சொன்னாள்: "தேவகுமார் அண்ணனுக்க பட்டிக்கு என்னவொரு மினுக்கமாக்கும்! நம்ம டைகரு பட்டினி கெடந்தது போல உண்டு." ஊர் புகழ்ந்தால் பொறுப்பேன், உடையவள் புகழ்ந்தால் பொறுப்பேனா? அவர் நாய் மின்ன, என் நாய் மங்கலாமா?

ஆடு அறுக்கையில் சில ஈரல்களில் நீர் நிறைந்த வெள்ளைக் கொப்புளங்கள் இருக்கும். அவற்றை ஒருநாளும் நான் உங்களுக்கு விற்றதில்லை. அந்த நேர்மையில் எனக்கு எத்தனை பெருமை! மனிதருக்கு ஆகாததை என்ன செய்தேன்? பச்சையாக டைகருக்கு எறிந்தேன். நாய் கொழுத்தது, பளபளத்தது.

தேவகுமார் மதிலோரம் வந்து சொன்னார்: "எலே ரெஜி, அதக் குடுக்காத மக்கா. ஆழமாக் குழி வெட்டி மூடு." என் நாயின் அழகு இவர் கண்ணை உறுத்துகிறது என்றல்லவா நினைத்தேன்!

அந்தக் கொப்புளங்களில் இருந்த புழுக்கரு டைகரின் குடலில் நாடாப்புழுவாக வளர்ந்தது. நாய்க்கு ஒரு நோவும் இல்லை, அதுதான் மோசம். புழுவின் முட்டை மலத்தில் வந்தது, முடியில் ஒட்டியது, கையில் தங்கியது, வாய்க்குள் போனது. யார் கை? டைகரைக் குளிப்பாட்டிச் சீவிவிட்ட ஷீனாவின் கை!

போன மாதம் வலி தாங்காமல் ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் படத்தைக் காட்டி விளக்கத் தொடங்கினார். எனக்கு விளக்கம் வேண்டுமா? எத்தனை ஈரலைப் பிளந்தவன் நான்! நாய்க்கு எறிந்த அதே கொப்புளம், என் ஷீனாவின் ஈரலில்!

வரும் செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஆபரேஷன். பயந்துபோயிருக்கிறேன். தேவகுமாரின் நாய்க்கு வெந்த சோறு, டாக்டர் சொன்ன நாளில் மாத்திரை. அவர் மனைவி சரசம்மா சிரித்துக்கொண்டு கோயிலுக்குப் போகிறார். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது, அய்யா! அன்று நாயின் மினுக்கத்துக்கு எரிந்தேன். இன்று அந்தச் சிரிப்புக்கு எரிகிறேன்.

நீங்களும் பொறாமைப்படுங்கள்! பக்கத்து வீட்டு நாய்க்கு மாத்திரையா? உங்கள் நாய்க்கும் கொடுங்கள்! அவர்கள் கழிவைப் புதைக்கிறார்களா? அதைவிட ஆழமாகப் புதையுங்கள்! அவர்கள் ஒருமுறை கை கழுவினால் நீங்கள் இருமுறை கழுவுங்கள்!

புறப்படும்போது ஷீனா வாசலில் நின்று சொன்னாள்: "டைகர அடிக்காதீங்க, கேட்டியளா. அதுக்கு என்ன தெரியும்?" தெரியவேண்டியவன் நான்தானே!

தேவகுமார் அவர்களே, பொன்னாடை உங்களுக்கு. முதல் மாத்திரை என் டைகருக்கு. இதிலாவது என்னை முந்தவிடுங்கள்! செவ்வாய்க்கிழமை கோயிலிலும் சர்ச்சிலும் ஷீனாவின் பெயரைச் சொல்லப்போகும் உங்கள் எல்லோருக்கும் இப்போதே என் நன்றி, வணக்கம்!