'ங்க' நீக்கிய பதிப்பு

எங்கள் பக்கத்தில் கடிக்க வரும் நாயைக்கூட "போங்க" என்றுதான் விரட்டுவோம், மேடம். நீங்கள் வெளியூர் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இது புரிந்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

என் பெயர் கிருபாசங்கர். சிங்காநல்லூரில், மில்களுக்கு மென்பொருள் செய்து தரும் சின்னக் கம்பெனியில் வேலை. முதலாளி சுந்தரராஜுலுவின் அப்பா, கணினியில் இருக்கும் விவரங்களை மில் குமாஸ்தாக்கள் தமிழிலேயே கேட்டு வாங்குவதற்காக ஒரு கேள்வி மொழி செய்து வைத்துவிட்டுப் போனார். அதில் 'ங்க' ஒரு குறி. 'பெண்கள், வீட்டு எண்' என்று கேட்டால், வீட்டுத் தொலைபேசி எண் பதிவாகியிருக்கும் பெண்களின் பெயர் மட்டும் வரும். 'பெண்கள்ங்க, வீட்டு எண்' என்று கேட்டால் எண் இல்லாதவர் பெயரும் சேர்ந்து வரும். மரியாதையாகக் கேட்டால் யாரும் விடுபடக் கூடாது என்பது பெரியவரின் எண்ணம்.

ஆனால் எங்கள் ஆட்கள் எதில்தான் 'ங்க' போட மாட்டார்கள்? நூலுங்க, பில்லுங்க என்று கை தானாக அடித்துவிடும். ஏற்றாத லோடெல்லாம் திரையில் வந்து நிற்கும். அன்னூரிலிருந்து ஒருவர் கூப்பிடுவார்: "ஏனுங்க, அனுப்பாத நூலுக்கெல்லாம் கணக்குக் காட்டுதுங்க. உங்க கம்ப்யூட்டரு தண்ணி கிண்ணி போட்டிருக்குதுங்களா?"

அதைப் பிரித்துச் சரிசெய்யத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தங்கைக்குத் தாலி ஏறும்போது நான் மண்டபத்து வாசலில் போனோடு நின்றிருந்தேன். என் சான்றிதழ்கள் முதலாளியின் பீரோவில் இருந்தன. பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது அவர் கோபப்படவில்லை.

"போங்க கண்ணு, யாரு வேண்டாங்கறா? அந்த 'ங்க'வ எடுத்துப்போட்டுப் போங்க. அப்பறம் ஒரு மாசத்துக்கு எந்த மில்லுலருந்தும் போன் வரக்கூடாது. வந்துதுன்னா மறுபடியும் மொதல்ல இருந்து."

எடுத்தேன். அதற்குப் பதிலாக 'விடாமல்' என்று ஒரு சொல் வைத்தேன். பழைய கேள்விகளில் 'ங்க' வந்தால் மொழி நின்று, இது செல்லாது என்று சொல்ல வேண்டும். அதுதான் முறை. அப்படிச் செய்தால் எல்லா மில்லிலிருந்தும் போன் வரும். அதனால் சத்தமில்லாமல் அதை விழுங்கிவிட்டு மேலே போகும்படி செய்தேன். குறைவாக வருவதை யாரும் கவனிப்பதில்லை. மாதம் அமைதியாகப் போனது.

முடிய ஒரு நாள் இருக்கும்போது ஒரே ஒருவர் என் கைபேசிக்குக் கூப்பிட்டார். மில் விடுதி வார்டன் மாசாணியம்மாள். அவருடைய பட்டியல் அந்தப் பழைய 'பெண்கள்ங்க, வீட்டு எண்' கேள்விதான். கேட்டைத் தாண்டி வெளியே போகிறவர் பெயர் அதிலிருந்து நீங்கிவிடும். மிச்சப் பெயர்களை மாலையில் கைபேசியில் பார்த்து ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு ஆள் எண்ணுவார். அதுவரை அங்கே எல்லோருக்கும் வீட்டு எண் இருந்தது. அன்றுதான் ஒரு புதுப் பெண் சேர்ந்திருந்தாள்.

"தம்பி, பொற்கொடின்னு புதுசா வந்த புள்ள பேரு வரலீங்களே. எங்கண்ணு முன்னால உக்காந்து தல சீவிட்டிருக்கறா."

"அவங்க ஊட்டு நம்பர் போட்டீங்களா?"

"அவளுக்கு ஊடே இல்லீங்க, நம்பருக்கு எங்க போறது? ஏனுங்க, போனு இல்லாதவங்க ஆளே இல்லீங்களா?"

நியாயமான கேள்வி. திருத்த ஒரு நிமிடம் போதும். ஆனால் மில் சர்வரில் எதையாவது மாற்றினால் முதலாளிக்குத் தகவல் போகும். மறுநாள் காலை நானே கூப்பிட்டு, "சரி பண்ணிப்போட்டேனுங்கம்மா" என்றேன். பண்ணவில்லை.

அன்று மதியம் முதலாளி என் மேஜைக்கே வந்து விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட உட்கார்ந்தார். அப்போது போன் அடித்தது.

"தம்பி, பஞ்சு குடோன்ல புடிச்ச தீ விடுதிக்கு வந்திருச்சுங்க. பேரு கூப்பிட்டுட்டேன், பட்டியல்ல இருக்கற அத்தன பேரும் வெளிய நிக்கறாங்க. பொற்கொடிய மட்டும் காணமுங்க. பட்டியல்லயும் இல்ல. நீங்கதான் சரி பண்ணிட்டீங்களே, அப்ப அவ கேட்டத் தாண்டிப் போயிட்டான்னுதானுங்களே? தீயணைப்புக்காரரு உள்ள போகட்டுமான்னு கேக்கறாருங்க."

"ஆமாங்கம்மா, போயிட்டாங்க," என்றேன். முதலாளி யாரென்று புருவத்தால் கேட்டார். சித்தி என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

அவள் உள்ளே இருந்தது தெரியுமா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். தெரியும், மேடம். மாசாணியம்மாள் பேசிக்கொண்டிருக்கும்போதே என் கணினியில் 'விடாமல்' போட்டுக் கேட்டுப் பார்த்தேன். பொற்கொடியின் பெயர் கடைசியில் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பதில் சொன்னேன்.

அவ்வளவுதான். வாக்குமூலத்தில் கையெழுத்து எங்கே போட வேண்டும்? கொஞ்சம் சீக்கிரம் முடித்துக் கொடுங்கள். சாயங்காலம் போத்தனூரில் எனக்கு ரயில்.