குறிகட்டுவானில் நான் பேசிய மூன்று வாக்கியங்கள்

"படுங்கோ! எல்லாரும் நிலத்தில படுங்கோ!" கூட்டத்தில் யாரோ கத்துகிறார்கள்.

குறிகட்டுவான் இறங்குதுறை. ஐப்பசி மாதம். வெள்ளிக்கிழமை. காலை ஏழு பத்து. முதல் எறிகணை கடலில் விழுகிறது. நீண்ட சீழ்க்கை. பிறகு அடி. பிறகு உப்புநீர் எங்கள் தலைகள்மேல் கொட்டுகிறது. துறையில் இருநூறு பேர்வரை படகுக்காகக் காத்திருக்கிறார்கள். படகு இங்கே வராது. அதை அறிந்தவர்கள் இருவரே. நானும் எமிலியானும்.

இடம்பெயர்வோருக்கு உதவும் ஒரு சர்வதேச நிறுவனத்தின் தகவல் பிரிவு நாங்கள். பிரிவு என்றால் இரண்டு பேர். ஒரு வானொலித் தொடர்புக் கருவி. ஒரே ஒரு கை ஒலிபெருக்கி. எந்தப் படகு, எந்தக் கரை, எத்தனை மணி. இவற்றை மக்களுக்கு அறிவிப்பதே பணி. நான் விவாத மேடைகளில் தோல்வி அறியாதவன். எமிலியான் நெடுந்தீவில் மாடு வளர்க்கும் குடும்பத்தவன். என்னிலும் இளையவன். மேடையே ஏறாதவன். ஆனாலும் மக்கள் அவனைத்தான் தேடிப் போனார்கள்.

அதற்கு முந்திய நாள், மடத்துவெளியிலிருந்து வந்திருந்த பரமேஸ்வரி அக்கா எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்.

"நீர் பேசினாக் கை தட்டலாம் தம்பி. எங்க போறதெண்டு எமிலியான் சொன்னாத்தான் விளங்கும்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளி காலை ஏழு எட்டுக்கு நகர அலுவலகம் கருவியில் அழைத்தது. துறை ஆபத்து. படகுகள் மடத்துவெளிக் கரைக்கு வருகின்றன. மக்களை உடனே அங்கே அனுப்புங்கள். இரண்டு நிமிடத்தில் அந்த முதல் எறிகணை.

எமிலியான் எழுந்துவிட்டான். ஒலிபெருக்கி அவன் வாயருகே. நான் பறிக்கிறேன்.

"தா இஞ்ச. இண்டைக்கு என்ர முறை."

அவன் மல்லுக்கட்டவில்லை. "அண்ணை, முதல் மடத்துவெளி எண்டு சொல்லுங்கோ. மற்றதெல்லாம் பிறகு."

"எனக்குப் பேசப் படிப்பிக்காதை!"

கலங்கிய அவையை முதலில் அமைதிப்படுத்து. முடிவை இறுதியில் வை. அப்படித்தான் பயின்றிருந்தேன். அவன் சொன்னதாலேயே மடத்துவெளியை நான் முதலில் சொல்லவில்லை என்பதும் உண்மை.

"பேரன்புக்குரிய தீவக மக்களே, அமைதி காத்திடுங்கள்." ஒன்று.

"இடர் சூழ்ந்த வேளையில் நிதானமே நமது கவசம்." இரண்டு.

"உங்களை நாங்கள் ஒருபோதும் கைவிடோம்." மூன்று.

ஓடத் தொடங்கியவர்கள் நின்றார்கள். என் முகம் பார்த்தார்கள். அத்தனை பேரும் என் பேச்சைக் கேட்டது அதுவே முதல் தடவை. நான்காவது வாக்கியத்துக்கு மூச்சை இழுத்தேன். அதில்தான் மடத்துவெளி இருந்தது.

சீழ்க்கை. இரண்டாவது எறிகணை துறையின் நடுவில்.

புகை. காது அடைத்துவிட்டது. ஒலிபெருக்கியை மார்போடு அணைத்தபடி குந்திவிட்டேன். எமிலியான் துறையின் நுனியை நோக்கி ஓடுகிறான். அங்கே ஒரு கூட்டம் போகுமிடம் தெரியாமல் ஒடுங்கி நிற்கிறது. அவன் வெறும் தொண்டையால் கத்துகிறான்.

"மடத்துவெளிக்கு ஓடுங்கோ! மடத்துவெளிக்கு!"

ஓடினார்கள். கடைசி ஆளையும் அனுப்பிவிட்டு அவன் திரும்பும்போது மூன்றாவது விழுந்தது. ஏழு பதினாறு.

அன்று மாலை அலுவலகத்துக்கு நான் அறிக்கை எழுதினேன். 'அறிவிப்பு உரிய நேரத்தில் வழங்கப்பட்டது. மக்கள் மடத்துவெளிக்கு வெளியேறினர்.' யார் அறிவித்தது என்று எழுதவில்லை. எமிலியான் பணியில் உயிர்நீத்தான் என்றேன். அவன் கத்தியதை எழுதவில்லை. செத்தவன்மீதும் எனக்குப் பொறாமை. தப்பியவர்கள் இன்றும் அவன் குரலையே சொல்கிறார்கள். கேட்கும்போது இன்றும் நெஞ்சு எரிகிறது. அந்த அறிக்கை பொய். இது அதற்கான திருத்தம்.

இழந்தவர்கள்: பரமேஸ்வரி அக்கா. அவருடைய கணவர். நயினாதீவு கோவிலுக்குப் பூக் கொண்டுசெல்லும் சின்னத்தம்பியர். பெயர் அறியாத, நீலச் சேலை உடுத்த ஒரு பெண். இந்த நால்வரும் இரண்டாவது எறிகணையில். என் பேச்சு நிறுத்திவைத்த இடத்தில். மூன்றாவதில் எமிலியான். மொத்தம் ஐவர்.

ஒலிபெருக்கியில் ஒரு கீறலும் இல்லை. அது என் கையில் இருந்தது.