திரும்பி வாற கவர்

கௌரி: பயண இன்சூரன்ஸில, சாமான் துலைஞ்சாக் காசு தாற கவர்... இதைப் போடட்டே?

ஸமீமா: போடுங்க, போடுங்க. வெள்ளவத்தையில அரைச்ச மிளகாய்த்தூள் நாலு கிலோ கொண்டு போறீங்க. பேக் வெடிச்சா டொரொன்டோவே தும்மும்.

கௌரி: பகிடி விடாம என்ர ஃபோனை வடிவாப் பிடியும். எழுத்து எறும்பு மாதிரிக் கிடக்கு.

ஸமீமா: நான் வாசிக்கிறன் தாத்தா, நீங்க அமத்துங்க. அடுத்தது... அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸ். பனியில சறுக்கிற, மலையில தொங்கிற...

கௌரி: அறுபத்திநாலு வயசிலயோ!

ஸமீமா: ஏன், லிஃப்ட் நிண்டா கைப்பிடியில தொங்கித் தொங்கித்தானே நாலாம் மாடிக்கு ஏறுறீங்க.

கௌரி: நான் தொங்கியெண்டாலும் ஏறுறன். சில பேர் ரெண்டாம் மாடிப் படியிலயே குந்தி விடுகினம்.

ஸமீமா: அது... அண்டைக்கு டுபாய்ல இருந்து மகன் கோல் எடுத்த. பேசிட்டு இருந்த.

கௌரி: ஓமோம். நல்ல நீளமான கோல்.

ஸமீமா: பல்லுக் கவர்?

கௌரி: கட்டுப்பல்லும் அதுக்குள்ள வருமோ?

ஸமீமா: கட்டுப்பல் காணாமப் போனா சாமான் கவர்ல எடுங்க.

கௌரி: ஐயோ, சிரிக்கப் பண்ணாதேயும்! கை தட்டுப்பட்டு எங்கயோ போட்டுது...

ஸமீமா: பயணத் திகதிக்கு வந்திரிக்கி. என்ன தாத்தா, ஜனவரி எண்டு இரிக்கி? அடுத்த மாசந்தானே போறீங்க? பேரன்ட முதல் பேர்த்டேக்கு?

கௌரி: ...விரல் தவறியிருக்கும். பிறகு பாப்பம். கடைசியா என்ன கிடக்கு?

ஸமீமா: வீட்டாள் யாருக்கும் கடுமையா சுகமில்லாமப் போனா, பயணத்தைப் பாதியில நிப்பாட்டித் திரும்பி வாற செலவு... இது வாணாம்.

கௌரி: ஏன் வேண்டாம்?

ஸமீமா: வீண் சல்லி. புள்ளைகள் ரெண்டு பேரும் அங்க. உங்கட புருஷன், அண்ணனும், போய்ச் சேந்திட்டார். இங்க யாரு இரிக்கா உங்களுக்கு?

கௌரி: என்ர கண்ணாடி எங்க கிடக்கு?

ஸமீமா: கோவமா தாத்தா?

கௌரி: இல்லை. ஆர் இருக்கினம் எண்டு யோசிச்சுப் பாத்தனான். ஃபோனை இங்கால தாரும், அமத்துறன்.

ஸமீமா: தர மாட்டன்! இது இரிந்தா சின்னத் தும்மலுக்கும் ஓடி வந்திடுவீங்க. போன இடத்தில நிம்மதியா இரிங்க.

கௌரி: ஆர் தும்மப் போயினம்?

ஸமீமா: யாருமில்ல... சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்ன.

கௌரி: சகோதரியெண்டாலும் காணுமாம், நீர்தான் இப்ப வாசிச்ச பக்கத்தில கிடக்கு. தங்கச்சி, ஸமீமா. அப்பிடியே போடுறன்.

ஸமீமா: அல்லாவே! கௌரிட தங்கச்சி ஸமீமாவா? கம்பனிக்காரன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

கௌரி: சிரிக்கட்டும். பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த முதல் நாள் நீர் என்னைத் தாத்தா எண்டு கூப்பிட்டாப்போல என்ர மனிசனும் ரெண்டு நாள் சிரிச்சவர். நான் கண்ணாடிக்கு முன்னால நிண்டு மீசை கீசை முளைச்சிட்டுதோ எண்டு பாத்தனான்.

ஸமீமா: எங்கட ஆக்களுக்குத் தாத்தா எண்டா மூத்த சகோதரி. இருபது வருஷமாச் சொல்லித் தாறன்.

கௌரி: அதைத்தானே நானும் சொல்லுறன்.

ஸமீமா: வாயால கூப்பிட்டாக் காணுமா? சாட்சிப் பத்திரம் கேப்பாங்க.

கௌரி: களுபோவில ஆஸ்பத்திரியில கேக்கேல்லையே.

ஸமீமா: ...களுபோவிலயா? அது... மச்சிக்குப் புள்ள கிடைச்சி, பார்க்கப் போன. சொன்னன் தானே?

கௌரி: சொன்னீர், சொன்னீர். லிஃப்ட் நிண்ட அண்டைக்குப் படியில குந்தி மகனோட கதைச்சீரே... உம்மட ஃபோன் எங்கட குசினியில சார்ஜில கிடந்தது. வெறுங்கையைக் காதில வச்சுக்கொண்டு அப்பிடி என்ன கதை?

ஸமீமா: மூச்சு வாங்கின. நீங்க கண்டுடுவீங்க எண்டு பயம்... நெஞ்சு ஒபரேஷன் தாத்தா. அடுத்த மாசம். சொன்னா நீங்க போக மாட்டீங்க. பேரன்ட முதல் பேர்த்டே...

கௌரி: அவனுக்கு கேக் ஆர், கிழவி ஆர் எண்டு இப்ப தெரியவே போகுது? டிக்கெட்டை ஜனவரிக்கு மாத்தியாச்சு. விரல் ஒண்டும் தவறேல்லை.

ஸமீமா: யா அல்லா... மகனுக்குக்கூட நான் இன்னம் சொல்லல்ல! யாரு உங்களுக்குச் சொன்ன?

கௌரி: குசினியில ஃபோன் அடிச்சது, எடுத்தன். ஆஸ்பத்திரி நேர்ஸ். பேரைச் சொன்னன். "ஆ, கௌரி அக்காத?" எண்டு, அக்காவோ எண்டு சிங்களத்தில கேட்டாள். வீட்டில கூடப்பிறந்த அக்கா இருக்கிறா, ஒபரேஷனுக்கு அவதான் வந்து நிப்பா எண்டு நீர்தான் சொல்லி வச்சனீராம்... அடியே, எனக்குச் சொல்ல முதல் அவளுக்குச் சொல்லியிருக்கிறீர்! இப்ப தாரும் அந்த ஃபோனை.