எதுவரைக்கும் என்று யாரும் சொல்லவில்லை

தலைமை நாற்காலிக்குத் தகுதி சேர்த்து வீற்றிருக்கும் தலைமை மருத்துவர் அம்மையார் அவர்களே! நாடி பிடித்தே நாளைக் கழிக்கும் மருத்துவப் பெருமக்களே! ஊசியின் வலியை ஒரு சொல்லால் மறக்கடிக்கும் செவிலியச் சகோதரிகளே! மருந்துச் சீட்டின் கிறுக்கலையும் கண்ணாடி இல்லாமல் படித்துவிடும் மருந்தாளுநர் தோழர்களே! முன்வரிசையில் முதுகு நிமிர்த்தி அமர்ந்திருக்கும் பெரியவர்களே! உறங்கும் பிள்ளையை மடியில் மாற்றி மாற்றிக் கிடத்தியபடி எனக்காகக் காத்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

மருத்துவமனை விழாவில் ஒரு தமிழாசிரியனுக்கு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கும் உங்களுக்கும் ஒரே தொழில்தான், மருத்துவர்களே. நாள் முழுக்க நானும் கேட்கிறேன், நீங்களும் கேட்கிறீர்கள். என்ன கேட்கிறோம்? "புரிந்ததா?" என்று கேட்கிறோம். என் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "புரிந்தது ஐயா" என்று கூரை அதிரச் சொல்லும். பிறகு விடைத்தாள் வரும். யாருக்கு என்ன புரிந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரியும்!

முன்வரிசை ஐயா விழுந்து விழுந்து சிரிக்கிறார். நீங்களும் ஆசிரியர்தானா? நினைத்தேன். அடி வாங்கியவருக்குத்தான் இந்தச் சிரிப்பு வரும்.

எனக்காவது விடைத்தாள் வருகிறது. மருத்துவருக்கு வருகிறதா? தலையை ஆட்டிவிட்டு வெளியே போனவர் வீட்டில் என்ன செய்கிறார் என்று எந்தத் தாளில் திருத்திப் பார்ப்பது? அப்படித் தலையை ஆட்டிவிட்டுப் போன ஒருவரின் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அவர் என் அக்காவின் கணவர், என் அத்தான். "பேரைச் சொல்லாத. மத்ததெல்லாம் சொல்லு" என்று அனுமதி கொடுத்திருக்கிறார். ஆகவே பெயர் வேண்டாம்.

அத்தான் லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக். மாடிகளுக்கு நடுவில் பெட்டி நின்றுபோய், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டும்போது, வெளியிலிருந்து முதலில் கேட்பது அவர் குரல்தான். அவர்களோடு பேசிக்கொண்டே வேலை செய்வார், ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார். வெளியே வருகிறவர்கள் பயந்த முகத்தோடு வரக்கூடாது என்பது அவருடைய தொழில் கௌரவம். வீட்டிலும் அப்படித்தான். ஒரே மகள். நாங்கள் குட்டி என்று கூப்பிடுவோம். அப்பா வீட்டுக்குள் காலை வைத்ததும் அவள் முதுகில் ஏறிவிடுவாள். அத்தான் குனிந்தபடியே சட்டையைக் கழற்றி, குனிந்தபடியே முகம் கழுவி, அவளைச் சுமந்துகொண்டே சாப்பிட உட்காருவார்.

அந்த மனிதருக்கு இருமல் வந்தது. நிற்கவில்லை. பரிசோதித்தார்கள். நுரையீரலில் காசநோய் என்றார்கள்.

மருத்துவர் நல்லவர். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அவர் கொடுத்த மருந்துதான் என் அத்தானைப் பிழைக்க வைத்தது. ஆனால் அன்றைக்கு வெளியே வரிசை வாசலைத் தாண்டி நின்றது. மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது என்றார். வீட்டில் குழந்தை இருக்கிறது, தனி அறையில் இருங்கள், நெருங்கிப் பழகாதீர்கள் என்றார். "புரிஞ்சுதா?" என்றார். அத்தான் "புரிஞ்சுதுங்க" என்றார்.

சொன்னவர் பொய் சொன்னாரா? இல்லை. கேட்டவர் தவறாகக் கேட்டாரா? அதுவும் இல்லை. சொன்ன சொல் ஒவ்வொன்றும் சரி. சொல்லாமல் விட்ட சொல் ஒன்றுதான். எதுவரைக்கும்?

பின்பக்கத்தில் ஒரு சிறிய அறை. கம்பிச் சுருளும் பழைய மோட்டாரும் போட்டு வைத்திருந்தார்கள். அவற்றை ஓரங்கட்டிவிட்டுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு அத்தான் உள்ளே போனார். அக்கா தட்டைக் கதவருகே வைப்பாள். அவள் அந்தப் பக்கம் போன பிறகு அவர் எடுத்துக்கொள்வார். குட்டி கதவுக்கு வெளியே உட்கார்ந்து வீட்டுப்பாடத்தைச் சத்தமாகப் படிப்பாள். தப்பாகப் படித்தால் உள்ளேயிருந்து திருத்தம் வரும்.

மருந்து வேலை செய்தது. இருமல் நின்றது. உடம்பு தேறியது. சளியைப் பரிசோதித்துக் கிருமி இல்லை என்றார்கள். மாத்திரைக் காலமும் முடிந்தது. கடைசியாக எக்ஸ்ரே பார்த்தவர், "சரியாயிடுச்சு. உள்ள தழும்பு மட்டும் இருக்கு, அது இருக்கத்தான் செய்யும்" என்றார். அவருக்குத் தழும்பு என்றால் ஆறிய புண். அத்தானுக்கு? உள்ளே ஏதோ இருக்கிறது, அது போகவே போகாது. அவர் காதில் விழுந்தது அதுதான். தலையை ஆட்டிவிட்டு வந்து, அதே அறைக்குள் போய்விட்டார்.

தாய்மார்களே, அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் உண்மையான நோய் தொடங்கியது.

வேலைக்குப் போனார். ஆனால் லிஃப்டில் ஏறமாட்டார். நாலு சுவருக்குள் நாலு பேரோடு மூச்சு விடப் பயம். பழுது பார்த்த பெட்டியில் ஊரையே ஏற்றி அனுப்பிவிட்டு, கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு மாடியாகப் படியேறிய லிஃப்ட் மெக்கானிக் அவர் ஒருவராகத்தான் இருப்பார். கூட வேலை செய்தவர்கள் முதலில் கேலி செய்தார்கள். பிறகு தனியாகச் செய்யும் வேலையாகப் பார்த்துக் கொடுத்தார்கள். பிறகு அவரைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

நான் போயிருந்தபோது அக்காவிடம் கேட்டேன். "டாக்டர் சொல்லியிருக்காராம்டா" என்றாள். டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றால் அதற்கு மேல் யார் பேசுவது? அக்கா ஒருநாள் துணிந்து அந்த அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். அத்தான் சத்தம் போட்டு எழுப்பி அனுப்பிவிட்டார். அவளுக்குத் தொற்றிவிடுமே என்று அவர் பதறினார். தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று அவள் நினைத்தாள். இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை. ஒரே கூரை, ஒரே சமையல், நடுவில் ஒரு கதவு. அந்தப் பக்கம் ஒருத்தர் தனி, இந்தப் பக்கம் ஒருத்தி தனி. குட்டியும் மெல்ல மெல்லக் கூடத்திலேயே உட்கார்ந்து படிக்கப் பழகிக்கொண்டாள். கூடத்திலிருந்து படித்தால் அறைக்குக் கேட்காது.

அங்கே ஒரு அம்மா கண்ணைத் துடைக்கிறார். துடைக்காதீர்கள் அம்மா, இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

இப்படியே சில ஆண்டுகள் போயின. ஒரு மழைக்காலத்தில் அத்தானுக்கு மறுபடியும் லேசான இருமல். அடித்துப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார். புதிதாக வந்திருந்த மருத்துவர், இளவயதுப் பெண். பரிசோதித்தார், படம் எடுத்துப் பார்த்தார், வெறும் சளிதான் என்றார். அன்றைக்கும் வெளியே வரிசைதான். ஆனால் அவர் "புரிஞ்சுதா?" என்று கேட்கவில்லை.

"இப்ப நான் சொன்னதை வீட்டுக்குப் போய் உங்க மனைவிகிட்ட எப்படிச் சொல்வீங்க? என்கிட்ட ஒரு தடவை சொல்லுங்க. நான் தெளிவா சொன்னேனான்னு பார்த்துக்கறேன்" என்றாராம்.

அத்தான் சொன்னார்: "கதவுக்கு உள்ள நின்னுக்கிட்டுச் சொல்வேங்க."

"எந்தக் கதவு?"

அத்தான் சொல்லத் தொடங்கினார். அறையைச் சொன்னார், தட்டைச் சொன்னார், படிகளைச் சொன்னார். அந்த மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இப்படி இருக்கணும்னு யார் சொன்னாங்க?"

"இங்கதாங்க சொன்னாங்க."

"எதுவரைக்கும்னு சொன்னாங்களா?"

"இல்லீங்க. கேட்கலாம்னுதான் நெனச்சேன். வெளியில நிறையப் பேர் நின்னாங்க."

என் அவையோரே! வெளியில் நிறையப் பேர் நின்றார்கள். அதனால் உள்ளே ஒரு மனிதர் ஆண்டுக்கணக்கில் தனியாக நின்றார்.

அந்த மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். தனியாக இருக்கச் சொன்னது ஆரம்பத்தில் கொஞ்ச நாளைக்கு மட்டும்தான். மருந்து வேலை செய்து, சளியில் கிருமி இல்லை என்று ஆனதுமே அது முடிந்துவிட்டது. தழும்பு யாருக்கும் ஒட்டாது. சொல்லிவிட்டு, அத்தானையே திருப்பிச் சொல்லச் சொன்னார். அவரால் பாதிக்கு மேல் சொல்ல முடியவில்லை. மீதியை அக்காவுக்குத் தொலைபேசியில் அந்த மருத்துவரே சொன்னார்.

அன்று மாலை குட்டி பள்ளி விட்டு வந்தாள். கூடத்தில் சோபாவில் அப்பா. வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா, நீங்க ரூமுக்குப் போகலையா?"

"இனிமே போக வேண்டாம்மா. டாக்டர் சொல்லிட்டாங்க."

புத்தகப் பையைக் கழற்றினாள். "அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றாள். பிறகு வந்து சோபாவின் மறுகோடியில் உட்கார்ந்தாள்.

முதுகில் ஏறவில்லை. ஏறுகிற வயது போய்விட்டது. அந்த வயது முழுவதையும் அவள் கதவுக்கு வெளியே செலவழித்துவிட்டாள். மருத்துவர்களே, நுரையீரலை நீங்கள் திருப்பிக் கொடுத்தீர்கள், அதற்கு எங்கள் குடும்பமே கைகூப்புகிறது. இதைத் திருப்பிக் கொடுக்க எந்த மருந்துக் கடையில் சீட்டு நீட்டுவது?

யாரோ கேட்கிறார்கள்: கூட்டம் நெரிகிறதே, ஒவ்வொருவரிடமும் கதை கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? நியாயமான கேள்வி. கதை கேட்க வேண்டாம். நீங்கள் சொன்னதை அவர் வாயால் ஒருமுறை சொல்ல வையுங்கள், போதும். 'தனியாக இருங்கள்' என்றால் எதுவரைக்கும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். 'தழும்பு' என்றால் அது ஆறியது என்றும் சொல்லுங்கள். பொதுமக்களே, உங்களுக்கும் ஒன்று. புரியாதபோது தலையை ஆட்டாதீர்கள். வரிசை காத்திருக்கட்டும். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். எதற்காக, எத்தனை நாள், எப்போது முடியும் என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவா? கேளாமல் வீட்டுக்குப் போய் ஒரு வாழ்க்கையையே கதவடைத்து வைப்பதுதான் மரியாதையா?

அத்தான் இப்போது கூடத்தில்தான் தூங்குகிறார். லிஃப்டில் ஏறுகிறார். ஆனாலும் பொது இடத்தில் உட்கார்ந்தால், பக்கத்து இருக்கையைக் காலியாக விட்டுவிட்டுத்தான் உட்காருகிறார். மூளைக்குப் புரிந்தது உடம்புக்கு இன்னும் புரியவில்லை.

அவர் இந்த அரங்கில்தான் இருக்கிறார். எங்கே என்று சொல்லமாட்டேன். தேடாதீர்கள். உங்கள் வரிசையில் ஒரு நாற்காலியை விட்டுத் தள்ளி உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும் சரி, ஒரு வார்த்தையும் கேட்காமல் எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். நான் காத்திருக்கிறேன்.

உட்கார்ந்தவர்களுக்கும், இடம் கொடுத்தவர்களுக்கும், பொறுமையோடு செவி கொடுத்த அனைவருக்கும் என் நன்றி. வணக்கம்.